இன்ஜினை நம்பலாம், பம்ப்பை அல்ல

கேள்வி: பழைய பி.எம்.டபிள்யூ. 325i கார் ஒன்று வாங்க நினைக்கிறேன். அதன் என்52 இன்ஜினில், கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவத்தைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுமாமே?

பதில்: ஆமாம். இன்ஜின் நல்லதுதான்: நேர்வரிசை ஆறு சிலிண்டர் என்பதால் பிஸ்டன் விசைகள் தாமே சமனாகிவிடும். அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் தேவையில்லை. டர்போ தொல்லையும் இல்லை. ஆனால் பம்ப் பெல்ட்டில் ஓடுவதல்ல, மின்மோட்டாரில் ஓடுவது. பெரும்பாலும் ஒழுகாது, முனகாது, ஒருநாள் நிற்கும். ஒரு லட்சம் கி.மீ. தாண்டியும் மாற்றியதற்கு பில் இல்லையென்றால், இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

பம்ப்பை மாட்டும் போல்ட்டில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இன்ஜின் பிளாக்கின் வெளிப்புறம் மெக்னீசியம். ஸ்டீல் போல்ட் போட்டால் ஈரம் பட்டு மெக்னீசியம் அரித்துப்போகும். அதனால்தான் அலுமினிய போல்ட். இறுக்கும்போதே நீள்வதால், கழற்றியதை மறுபடி போடக்கூடாது.

பம்ப் மாற்றிக் கூலன்ட் ஊற்றியதும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரிக்கு சார்ஜர் மாட்டி, இக்னிஷன் மட்டும் ஆன்; ஹீட்டர் உச்ச சூட்டில், ஃபேன் மிகக் குறைவில். ஆக்சிலரேட்டரை 10 விநாடி முழுக்க அழுத்துங்கள். பம்ப் தானாகவே சுமார் 12 நிமிடம் ஓடிக் காற்றை வெளியேற்றும்.

வாங்குமுன் வால்வ் கவர், ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கட்டுகளில் எண்ணெய்க் கசிவு உண்டா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.