அண்டார்க்டிகாவின் ‘பிரமிடு’: நாமே சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: அண்டார்க்டிகாவில் பனி உருகி, மனிதர் கட்டிய பிரமிடு வெளிப்பட்டிருப்பதாக ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. என் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் விளக்கம் கேட்கிறார்கள். படம் போலியா? வகுப்பிலேயே சரிபார்க்க வழியுண்டா?

பதில்: அந்த மலை மெய், கூடவே வரும் கதைதான் பொய். எல்ஸ்வொர்த் மலைத்தொகுதியின் தென்பாதியான ஹெரிடேஜ் தொடரில் நிற்கும், ஏறத்தாழ 1,265 மீட்டர் உயரமுள்ள பாறைச் சிகரம் அது.

கூகுள் எர்த்தில் தெற்கு அட்சம் 79°58′, மேற்குத் தீர்க்கம் 81°57′ என்று கொடுத்துத் தேடுங்கள். நேர் மேலிருந்து பார்க்கையில் சதுர அடித்தளம்போலத் தோன்றும். காட்சியைச் சாய்த்து மெல்லச் சுற்றினால், கிழக்குப் பக்கம் மட்டும் மற்ற முகங்களோடு ஒட்டாமல் முகடாக நீள்வது தெரியும். பின்னுக்கு நகர்ந்தால், அதே பாறையாலான அண்டை முகடுகளும் பனிக்கு மேல் தலைநீட்டி நிற்கும். பனிவிரிப்பைத் துளைத்து நிற்கும் இத்தகைய பாறைமுடிகளுக்கு கிரீன்லாந்து மக்களின் சொல்லான ‘நூனட்டாக்’ என்பதே பெயர். இவை நேற்று வெளிப்பட்டவை அல்ல. இம்மலைத்தொகுதியை அமெரிக்க ஆய்வுப்பயணி லிங்கன் எல்ஸ்வொர்த் 1935 நவம்பரிலேயே விமானத்திலிருந்து கண்டார்.

யாரும் கட்டாமல் இந்தக் கூர்வடிவம் எப்படி வந்தது? விரிசல்களில் புகும் நீர் உறைந்து பாறையை உடைப்பதால்தான். ‘உறைகுளிரில் நீர் ஏது?’ என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கோடையில் சூரியன் மறையாத நாள்களில், காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும்போதும் கருத்த பாறை வெயிலை வாங்கிச் சூடேறுவதால், அதன்மேல் படிந்த பனி உருகி விரிசலுக்குள் கசிகிறது. நிழல் விழுந்ததும் அந்நீர் உறைந்து, சுமார் 9 விழுக்காடு பருத்து, விரிசலை அகட்டுகிறது. இது ஓயாமல் நிகழ, பாறை சில்லுசில்லாகப் பெயர்ந்து விழுகிறது. மலையைப் பல பக்கங்களிலிருந்தும் பனி இப்படி அரித்தால் எஞ்சுவது கூர்நுனிதான். பாடநூல் ‘கொம்பு’ என்பது இதையே. சுவிட்சர்லாந்து–இத்தாலி எல்லையிலுள்ள மேட்டர்ஹார்ன் சிகரத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், விளக்கம் பாதி முடிந்துவிடும்.

உயரத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. 1,265 மீட்டர் என்பது கடல்மட்டக் கணக்கு. சுற்றியுள்ள பனிப்பரப்பே பல நூறு மீட்டர் உயரத்தில் இருப்பதால், கண்ணுக்குத் தெரியும் மலை அதைவிடச் சிறியது. ஆகவே அந்த எண்ணை அப்படியே கட்டியபோது சுமார் 146 மீட்டர் உயரமிருந்த எகிப்தின் கீசா பெரும் பிரமிடோடு கரும்பலகையில் ஒப்பிட்டுவிடாதீர்கள்.