கிளியோபாட்ரா: கதை எது, நிஜம் எது?

கேள்வி: கிளியோபாட்ரா உலகப் பேரழகின்னு சொல்றாங்களே, நிஜமாவே அவ்ளோ அழகா?

அவங்க உயிரோட இருக்கும்போதே அவங்க முகம் போட்டு அடிச்ச காசுங்க இன்னிக்கும் மியூசியங்கள்ல இருக்கு, அதுல வளைஞ்ச மூக்கு, முன்னாடி துருத்திக்கிட்டு நிக்கிற மோவாய், பின்னாடி இழுத்துக் கட்டின கொண்டை, சினிமாவுல பாக்குற முகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அவங்க செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆனப்புறம் எழுதின கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் கூட, பாத்த உடனே சொக்கிப்போற அழகுன்னு சொல்லல, பேச்சும் குரலும்தான் ஆளைக் கட்டிப்போடும்னு எழுதியிருக்கார். அரபு, எபிரேயம்னு பல மொழி பேசுறவங்ககிட்ட மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசுவாங்களாம். அவங்க வம்சத்துல எகிப்து மக்களோட மொழியையே கத்துக்கிட்ட முதல் ஆளும் இவங்கதான்னு அவரே சொல்றார். எனக்கு அழகை விட இதுதான் பெரிய விஷயமா தெரியுது.

கேள்வி: அப்போ அவங்க எகிப்துக்காரங்க இல்லையா? பிரமிடு கட்டினது அவங்க முன்னோர்தானே?

இல்லைங்க. அலெக்சாண்டர்கிட்ட தளபதியா இருந்த தாலமியோட வம்சம், பூர்வீகம் கிரேக்கத்துக்கு வடக்கே இருக்கிற மாசிடோனியா. கீசாவுல இருக்கிற பெரிய பிரமிடு அவங்க பிறக்கறதுக்கு கிட்டத்தட்ட 2,500 வருஷம் முன்னாடியே கட்டினது.

கேள்வி: கழுதைப் பால்ல குளிச்சது, முத்தை வினிகர்ல கரைச்சுக் குடிச்சது எல்லாம்?

கழுதைப் பால் கதையை ரோமானிய எழுத்தாளர் பிளினி சொன்னது ரோமப் பேரரசர் நீரோவோட மனைவி பொப்பேயாவைப் பத்தி, பின்னாடி வந்தவங்க அதைத் தூக்கி இவங்க தலையில வச்சுட்டாங்க. முத்து கதையும் பிளினி சொன்னதுதான், இது இவங்களைப் பத்தியேதான். முத்துல பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், வினிகர்ல கரையும்ங்கிறது உண்மை, ஆனா முழு முத்து கரைய பல மணி நேரம் பிடிக்கும், விருந்து நடுவுல போட்ட உடனே கரைஞ்சதுன்னா நம்புறது கஷ்டம்.

கேள்வி: ரோமாபுரித் தலைவருங்க சீசரையும் ஆண்டனியையும் மயக்கித்தான் ஆட்சியைக் காப்பாத்திக்கிட்டாங்கன்னு பாடம் நடத்துறாங்க. சரியா?

இதுலதான் எனக்குக் கோவம் வருது. இந்தக் கதையைப் பரப்பினது அவங்களைத் தோற்கடிச்ச இன்னொரு ரோமாபுரித் தலைவர் ஆக்டேவியனோட தரப்பு. ஆண்டனி ரோமாபுரிக்காரர், அவர் மேல போர்னு அறிவிச்சா அது உள்நாட்டுப் போர் ஆயிடும், அதனால கி.மு. 32ல கிளியோபாட்ரா மேல மட்டும் போர்னு அறிவிச்சுட்டு, மந்திரக்காரி மாதிரி ஆண்டனியை வசியம் பண்ணிட்டான்னு ஊரெல்லாம் பேச வச்சாங்க.

நிஜத்துல அவங்க கி.மு. 51ல 18 வயசுல அரியணை ஏறினப்போ அப்பா ரோமாபுரிக்காரங்ககிட்ட வாங்கின கடன் பாக்கி, நைல்ல வெள்ளம் சரியா வராம பஞ்சம், போதாததுக்கு தம்பியோட ஆளுங்க அவங்களை நாட்டை விட்டே துரத்திட்டாங்க, இத்தனையும் தாண்டித்தான் 21 வருஷம் ராணியா நிலைச்சு நின்னாங்க. பெர்லின்ல ஒரு பாப்பிரஸ் (நாணல்ல செஞ்ச பழங்காலத் தாள்) இருக்கு, பழைய பேப்பர்னு ஒரு மம்மியோட உறை செய்ய பயன்படுத்திட்டாங்க. கி.மு. 33ல எழுதினது, ஆண்டனியோட தளபதி ஒருத்தருக்கு வருஷத்துக்கு 10,000 அளவை கோதுமை ஏற்றுமதி பண்ணவும் 5,000 ஜாடி ஒயின் இறக்குமதி பண்ணவும் வரிவிலக்கு தர்ற அரசாணை. எழுத்தர் எழுதினதுக்குக் கீழ, வேற கையெழுத்துல, "அப்படியே ஆகட்டும்"னு கிரேக்கத்துல ஒரே ஒரு வார்த்தை. அது ராணியே எழுதினதுன்னு பல அறிஞர்கள் நினைக்கிறாங்க. கோப்பு பாத்து, யாருக்கு எவ்வளவு சலுகை குடுத்தா படை நம்ம பக்கம் நிக்கும்னு கணக்குப் போட்ட ஒரு ஆட்சியாளரை மயக்குக்காரின்னு மட்டும் சொல்றது அநியாயம்.

கேள்வி: பாம்பு கடிச்சுத்தானே செத்தாங்க?

கி.மு. 30ல 39 வயசுல இறந்தாங்க, அது மட்டும் உறுதி. அத்திப்பழக் கூடையில பாம்பை ஒளிச்சு எடுத்துட்டு வந்த கதையை எழுதின புளூட்டார்க்கே, உண்மை யாருக்கும் தெரியாது, அறையில பாம்பு எதுவும் கிடைக்கலன்னு கையோட சொல்லிடறார். கிளியோபாட்ரா காலத்துலயே வாழ்ந்த கிரேக்கப் புவியியல் எழுத்தாளர் ஸ்டிராபோவும் பாம்பு இல்லேன்னா விஷத் தைலம்னு ரெண்டையும் சொல்றார். எகிப்து நாகம் ஒண்ணரை மீட்டர் வரைக்கும் சாதாரணமா வளரும், கூட இருந்த ரெண்டு தோழிகளும் அங்கேயே செத்திருக்காங்க, ஒரே பாம்பு மூணு பேரையும் முடிச்சிருக்கும்னு எனக்குத் தோணல, விஷம்தான் பொருந்தி வருது. ஆனா ஆக்டேவியன் தன்னோட வெற்றி ஊர்வலத்துல பாம்பு சுத்தின கிளியோபாட்ரா உருவத்தைத் தூக்கிட்டுப் போனதால, ஊரே அதைப் பாத்துடுச்சு, பாம்புக் கதை நிலைச்சுடுச்சு.