தனியே எடுத்த இதயம் காரத்துக்கு ஏன் விரைகிறது?

கேள்வி: நான் விலங்கியல் முதுகலை மாணவி. கினிப்பன்றியின் இதயத்தைத் தனியே எடுத்து, மிளகாயின் காரப்பொருளைச் சேர்த்தால் துடிப்பு வேகமாகிறது என்று வகுப்பில் சொன்னார்கள். உணர்வு நரம்பு மூளைக்குச் செய்தி கொண்டுபோவதற்குத்தானே? மூளையே இல்லாதபோது அது எப்படி வேலை செய்கிறது? எங்கள் தெரு மில்லில் மிளகாய் அரைக்கும்போது எனக்கு வரும் படபடப்பும் இதுதானா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: மிகச் சரியான இடத்தில் ஐயம் எழுந்திருக்கிறது. இதயத்தில் பின்னியிருக்கும் மெல்லிய உணர்வு நரம்புகளின் நுனிகளில் பெப்டைடுகள் (சிறு புரதத் துண்டுகள்) சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. நுனி தூண்டப்படும்போது, செய்தி மூளையை நோக்கிச் செல்லும் அதே வேளையில், இவை அங்கேயே அருகிலுள்ள திசுவுக்குள் வெளிப்படுகின்றன. நரம்பை இடையில் வெட்டிய பிறகும் நுனி சில மணி நேரம் உயிரோடு இருப்பதால், இந்த வேலைக்கு மூளை தேவைப்படுவதில்லை.

இவற்றுள் முதன்மையானது 37 அமினோ அமிலங்களாலான சி.ஜி.ஆர்.பி. (கால்சிடோனின் ஜீன் சார்ந்த பெப்டைடு). காரப்பொருளான கேப்சைசின், நுனியிலுள்ள டி.ஆர்.பி.வி.1 என்ற வாயிலைத் திறக்கிறது. கால்சியம் உள்ளே பாய்ந்து பெப்டைடை வெளியேற்றுகிறது. (இந்த வாயிலை 1997இல் அடையாளம் கண்ட குழுவை நடத்திய டேவிட் ஜூலியஸ், 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) வெளிவந்த சி.ஜி.ஆர்.பி. இதயச் செல்களுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறான சுழல் ஏ.எம்.பி.யின் அளவை உயர்த்த, துடிப்பு விரைகிறது.

ஆக்சிஜன் குமிழியிடும் இளஞ்சூடான உப்புக் கரைசலில் தொங்கவிட்ட, இதயத்தின் வலது மேலறை தானாகவே துடித்துக்கொண்டிருக்கும். கேப்சைசின் சேர்த்தால், பதிவுத்தாளில் ஏறி இறங்கும் கோடுகள் நெருங்கி வருவதைக் காணலாம். கழுவிவிட்டு மறுபடியும் சேர்த்தால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, ஏனெனில் நுனிகள் மரத்துவிட்டிருக்கும். ஆனால் அப்போதும் சி.ஜி.ஆர்.பி.யை நேரடியாகச் சேர்த்தால் துடிப்பு கூடுகிறது. இந்தச் சோதனையின் அழகே இந்தக் கடைசிப் படிதான் என்பேன். பதில் நின்றுபோனதற்குக் காரணம் தசையில் இல்லை, நரம்பில்தான் என்பதை அது தெளிவாக்கிவிடுகிறது.

அதே நரம்புகளில் இருக்கும் இன்னொரு பெப்டைடான சப்ஸ்டன்ஸ் பி, கினிப்பன்றியின் இதயத்தில் துடிப்பைக் குறைக்கிறது. இதயத்திலேயே உள்ள சிறு நரம்பு முடிச்சுகளைத் தூண்டி, துடிப்பைத் தணிக்கும் நரம்பு வேதிப்பொருளான அசிட்டைல்கோலினை வெளியிடச் செய்வதே அதன் வழி. அசிட்டைல்கோலினின் செயலைத் தடுக்கும் அட்ரோபின் மருந்தைக் கொடுத்தால் அந்தக் குறைவு பெருமளவு மறைகிறது.

முழு விலங்கில் கணக்கு சிக்கலாகும். சி.ஜி.ஆர்.பி. இரத்தக் குழாய்களை விரிப்பதால் அழுத்தம் இறங்க, அதை ஈடுகட்ட மூளையும் துடிப்பைக் கூட்டும். எனவே உயிருள்ள எலியில் அளந்த எண்ணை மட்டும் வைத்து நேரடி விளைவைக் கணிக்கக் கூடாது.

மில்லில் உங்களுக்கு நேர்வது வேறு. அங்கே தூள் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள நரம்பு நுனிகளைத் தொடுகிறது. எரிச்சலும் இருமலும் மூளை வழியாகவே இதயத்தை எட்டுகின்றன. மில்லை விட்டு வந்த பிறகும் படபடப்பு நீடித்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.