மாலத்தீவு ஈகோ ரிசார்ட்டுக்கு பர்சனல் லோன் போட்டு போகலாமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்க கோயம்புத்தூர். நானும் வீட்டுக்காரரும் வேலைக்கு போறோம், ரெண்டு பேருக்கும் சேர்த்து கைக்கு 1.40 லட்சம் வருது. ஹவுஸிங் லோன் இஎம்ஐ 38,000, மியூச்சுவல் ஃபண்டுல மாசாமாசம் போடுற எஸ்ஐபி 15,000, 5 வயசு பொண்ணு பேர்ல செல்வமகள் திட்டத்துல 5,000, வீட்டு செலவு ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் சேர்த்து சுமார் 55,000. எஃப்டி 3 லட்சம் இருக்கு, இப்போ போனஸ் 1 லட்சம் வந்திருக்கு. வர்ற டிசம்பர்ல எங்களுக்கு பத்தாவது கல்யாண நாள். கிறிஸ்துமஸ் லீவுல மாலத்தீவுல பா அட்டோல்ங்கற தீவுக்கூட்டத்துல, சுற்றுச்சூழலை கெடுக்காம நடத்துறோம்னு சொல்ற ஒரு ஈகோ லக்ஸரி ரிசார்ட் போகணும்னு ரொம்ப நாள் ஆசை. ஏஜென்ட் ஒரு நைட்டுக்கு 600 டாலர்னு சொல்றார், 4 நைட்டுக்கு 2.16 லட்சம் ஆகுது, ஃப்ளைட் சாப்பாடு எல்லாம் சேர்த்தா 3.5 லட்சத்துல முடிஞ்சிடும்னு நினைக்கிறோம். பேங்க்ல 14% வட்டிக்கு பர்சனல் லோன் ப்ரீ-அப்ரூவ்டுன்னு மெசேஜ் வந்துட்டே இருக்கு. வீட்டுக்காரர் நகையை வச்சுக்கலாம்னு சொல்றார். எது நல்லது? ஈகோ ரிசார்ட்னு கூட கேக்குற காசு நியாயம்தானா?

பதில்: முதல்ல ஒன்னு சொல்லிடுறேன்மா, போகாதீங்கன்னு நான் சொல்லப் போறதில்ல. பத்து வருஷமா வேலை, வீட்டு லோன், குழந்தைன்னு ரெண்டு பேரும் ஓடியிருக்கீங்க, அதுலயும் எஸ்ஐபி, செல்வமகள் ரெண்டையும் விடாம கட்டிட்டு வர்றீங்க, நல்லா ஒரு இடத்துக்கு போய்ட்டு வரணும்னு நினைக்கிறது உங்க உரிமை. ஆனா லோன் போட்டும் போகாதீங்க, டிசம்பர்லயும் போகாதீங்க. ஏன்னு கணக்கோட சொல்றேன், ஏன்னா நீங்க போட்டிருக்குற 3.5 லட்சம் பாதி கணக்குதான்.

ஏஜென்ட் சொன்ன 600 டாலர் வெறும் ரூம் ரேட். மண்டப வாடகையை மட்டும் வச்சு கல்யாண செலவு கணக்கு பண்ண மாதிரி. மாலத்தீவுல ரேட்டுக்கு பின்னாடி ரெண்டு ப்ளஸ் போட்டிருப்பாங்க, இல்லன்னா அடியில பொடி எழுத்துல 'வரி தனி'ன்னு இருக்கும். அந்த முதல் ப்ளஸ் 10% சர்வீஸ் சார்ஜ். ரெண்டாவது டிஜிஎஸ்டி, அதாவது டூரிஸ்டுக்குன்னே இருக்குற ஜிஎஸ்டி, 2025 ஜூலைல இருந்து அது 17%. சர்வீஸ் சார்ஜ் சேர்த்த தொகை மேலதான் இந்த 17% ஏறும். அதனால 100 டாலர் எதை வாங்கினாலும் 128.70 ஆகிடும், ரூம் மட்டும் இல்ல, சாப்பாடு ஸ்பா போட் ட்ரிப் எல்லாத்துக்கும் இதேதான். மெனுல 12 டாலர்னு போட்டிருக்குற ஒரு ஜூஸ் பில்லுல 15.44 டாலரா வரும், டாலர் 90 ரூபாய்னு வச்சா கிட்டத்தட்ட 1,390 ரூபாய், பொண்ணு ஒரு நாளைக்கு ரெண்டு கேட்டா என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கோங்க.

சரி, உங்க ட்ரிப்பை அப்படியே போடுவோம். ரூம் 4 நைட் 2,400 டாலர், வரியோட 3,089. அப்புறம் க்ரீன் டாக்ஸ், இது 2025 ஜனவரியில 6 டாலர்ல இருந்து 12 டாலரா டபுள் ஆச்சு, ரிசார்ட்ல தங்குற ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு ராத்திரிக்கும், ரெண்டு வயசுக்கு உள்ள குழந்தைக்கு மட்டும்தான் விலக்கு, உங்க பொண்ணுக்கும் கட்டணும், ஆக 144 டாலர். பா அட்டோல்னா பெரும்பாலும் மாலே ஏர்போர்ட்ல இருந்து சீப்ளேன், அதாவது கடல் தண்ணியில இறங்குற குட்டி விமானம், போக வர பெரியவங்களுக்கு 500 டாலர், குழந்தைக்கு 300னு வச்சாலும் 1,300. சாப்பாடு ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 150 டாலர்னு ஃபுல் போர்டு, அதாவது மூணு வேளை சாப்பாடும், எடுத்து, குழந்தைக்கு ஃப்ரீன்னே வச்சுக்கிட்டாலும் வரியோட 1,544. எல்லாம் கூட்டினா 6,077 டாலர், 5.47 லட்சம் ரூபாய். இதுக்கு மேல மூணு பேருக்கு ஃப்ளைட் 65,000 வச்சா 6.12 லட்சம். ஒரு ஸ்நார்க்லிங் ட்ரிப், ரெண்டு ஜூஸ், டிப்ஸ், ஆறரை லட்சம். சீப்ளேன், சாப்பாடு, ஃப்ளைட் மூணுக்கும் நான் போட்டிருக்குறது ஒரு உத்தேசம்தான், ரிசார்ட்டுக்கு ரிசார்ட் ஏறும் இறங்கும், ஆனா 3.5க்குள்ள எந்த வழியிலயும் வராது.

இன்னொரு விஷயம், சீப்ளேன் பகல்ல மட்டும்தான் பறக்கும். உங்க ஃப்ளைட் சாயங்காலம் போய் இறங்கினா அன்னைக்கு ராத்திரி மாலேயிலயோ ஹுல்ஹுமாலேயிலயோ தங்கித்தான் ஆகணும், அது தனி செலவு. ஏஜென்ட் கிட்ட ஃப்ளைட் டைமிங்கை கேட்டுட்டு அப்புறம் அட்வான்ஸ் பத்தி பேசுங்க.

டிசம்பர் ஏன் வேண்டாம்னா அங்க டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் மழை இல்லாத சீசன், அதுலயும் கிறிஸ்துமஸ் நியூ இயர் வாரம்தான் வருஷத்துலயே உச்சம். 600 டாலர்னு உங்களுக்கு சொன்னது ஆஃப் சீசன் 'ஆரம்ப விலை'யாதான் இருக்கும்னு எனக்கு படுது. அந்த வாரத்துக்கு நிறைய ரிசார்ட்ல குறைஞ்சது இத்தனை நைட் தங்கணும்னு கண்டிஷன் இருக்கும், கிறிஸ்துமஸ் ஈவ் டின்னர், நியூ இயர் டின்னர்னு ஆளுக்கு இவ்வளவுன்னு கட்டாயமா பில்லுல ஏத்துவாங்க, நீங்க போகலைன்னாலும் காசு காசுதான். ஏஜென்ட் கிட்ட டிசம்பர் தேதியை போட்டு, எல்லா வரியும் சேர்த்து, எழுத்துல மொத்த தொகை கேளுங்க. வாயால சொல்ற ரேட்டை நம்பி பத்து பைசா கட்டாதீங்க. அப்புறம் பா அட்டோல்னாலே எல்லாரும் சொல்றது அங்க ஹனிஃபாரு பேங்கற விரிகுடாவுக்கு வர்ற மான்டா திருக்கைகளைத்தான், பா அட்டோலே 2011ல யுனெஸ்கோ உயிர்க்கோள காப்பகமா அறிவிச்ச ஏரியா. அந்த விரிகுடாவுக்கு மான்டா கூட்டமா வர்றது தென்மேற்கு பருவக்காற்று மாசங்கள்ல, முக்கியமா ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும். டிசம்பர்ல போனா உச்ச விலையும் கொடுத்து அதையும் பாக்காம வருவீங்க.

இப்போ லோனுக்கு வர்றேன். ஆறரை லட்சத்துல போனஸ் 1 லட்சம் போக, குறைஞ்சது 5 லட்சமாவது லோன் வேணும். 14% வட்டி, 3 வருஷம்னா இஎம்ஐ சுமார் 17,090. வட்டி மட்டுமே 1.15 லட்சம், ப்ராசஸிங் ஃபீ தனி. உங்க கணக்குப்படி எல்லா செலவும் போக மாசம் 27,000 மிச்சம் இருக்கணும், அதுல 17,000 மூணு வருஷத்துக்கு போயிடுச்சுன்னா, நடுவுல ஒருத்தருக்கு வேலை போனாலோ வீட்ல யாருக்காவது ஆஸ்பத்திரி செலவு வந்தாலோ முதல்ல நிக்கப்போறது அந்த எஸ்ஐபிதான். எஃப்டி 3 லட்சத்தை தொடவே கூடாது. இஎம்ஐயும் வீட்டு செலவும் சேர்த்தா மாசம் 93,000 வருது, அந்த எஃப்டி உங்களுக்கு மூணு மாசத்துக்குத்தான் காணும், அதை ஆறு மாசத்துக்கு ஏத்தணும்னு நான் சொல்ல நினைச்சிட்டு இருக்கேன். நகைக்கடன் பர்சனல் லோனை விட வட்டி குறைவுதான், உங்க வீட்டுக்காரர் சொல்றதுல அந்த அளவுக்கு நியாயம் இருக்கு, ஆனா அவசரத்துக்குன்னு வீட்ல இருக்குற கடைசி வழி அந்த நகை. அதை டூருக்கு அடகு வச்சுட்டா நிஜமா ஒரு அவசரம் வரும்போது கையில எதுவும் இருக்காது.

ஒரு நிமிஷம் இதை யோசிச்சு பாருங்க. ட்ரிப் போய்ட்டு வந்த அப்புறம் பேங்குக்கு மாசம் 17,000 கட்ட முடியும்னு நீங்க நம்புறீங்கல்ல, அதே காசை போறதுக்கு முன்னாடியே உங்களுக்கு நீங்களே கட்டுங்க. பேங்க்ல மாசாமாசம் கட்டுற ஆர்டில மாசம் 18,000 போடுங்க, 16 மாசம். சுமார் 6.5% வட்டின்னா 3 லட்சம் சேர்ந்துடும். போனஸ் 1 லட்சத்தை தனியா ஒரு எஃப்டில போடுங்க, அது சுமார் 1.09 லட்சம் ஆகும். மொத்தம் 4.1 லட்சம், கடன் இல்லாம. இன்னையில இருந்து 16 மாசம்னா சரியா அடுத்த வருஷ மே, பொண்ணுக்கு ஸ்கூல் லீவு. அங்க மே மாசம் சீசன் முடிஞ்சு ரேட் இறங்கியிருக்கும், நடுவுல மழை வரும், நாள் பூரா கொட்டாம வந்து வந்து போற மழையாவும் இருக்கும், ரெண்டு நாள் விடாமயும் பெய்யலாம், அதுக்கு மனசை தயார் பண்ணிக்கிட்டு போங்க.

அந்த 4 லட்சத்துக்கு நான் போடுற ப்ளான் இது. சீப்ளேன் வேணாம். மாலேக்கு பக்கத்துல இருக்குற வடக்கு இல்ல தெற்கு மாலே அட்டோல்ல ஸ்பீட்போட்ல போற மாதிரி ஒரு ரிசார்ட் பாருங்க, மூணு பேருக்கும் போக வர 375 டாலர்னு வச்சுக்குவோம், இங்கேயே 900 டாலர் மிச்சம். மே மாச ரேட்ல 400 டாலர் ரூமா பாத்து 3 நைட், வரியோட 1,544. சாப்பாடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 டாலர்ல முடிக்கிற மாதிரி பாத்தா வரியோட 772. க்ரீன் டாக்ஸ் 108. இதுக்கு முன்னாடி 2 நைட் மாஃபுஷி மாதிரி மக்கள் வாழுற தீவுல கெஸ்ட்ஹவுஸ்ல தங்குங்க, ரூம் 90 டாலர்னா வரியோட ரெண்டு நைட்டுக்கு 232, சின்ன கெஸ்ட்ஹவுஸுக்கு க்ரீன் டாக்ஸும் 6 டாலர்தான், 36 ஆகும், சாப்பாடும் படகும் சேர்த்து 200. மொத்தம் 3,267 டாலர், 2.94 லட்சம். ஃப்ளைட்டோட 3.6 லட்சம். மீதி அம்பதாயிரம் ட்ரிப்புக்கும் ஜூஸுக்கும், டாலர் 90ஐ தாண்டினா சமாளிக்கவும்.

கெஸ்ட்ஹவுஸ்னு சொன்னதும் முகம் வாடிட வேண்டாம், அதே கடல்தான், அதே நிறம்தான், மதியம் மீன் குழம்பும் சோறும் நம்ம ஊர் மாதிரியே காரமா கிடைக்கும். நம்ம ஆளுங்க கவனிக்க வேண்டியது, அது முஸ்லிம் நாடு, லோக்கல் தீவுல மது கிடையாது, நீச்சல் உடைக்கு தனி பீச் ஒதுக்கியிருப்பாங்க, மத்த இடத்துல உடம்பை மூடி ட்ரெஸ் போடணும். வெள்ளிக்கிழமை அரசாங்க ஃபெர்ரி ஓடாது, தேதி போடும்போது பாத்துக்கோங்க.

ஈகோன்னு கூட கேக்குற காசு நியாயமான்னு கேட்டிருந்தீங்க, அதுக்கு ஒரே பதில் இல்ல. அந்த தீவுகள்ல ஆறு கிடையாது, பெரும்பாலான ரிசார்ட் கடல் தண்ணியை தானே சுத்திகரிச்சுதான் குடிக்கவும் குளிக்கவும் கொடுக்குது, அதுக்கு கரண்ட் வேணும், கரண்ட் பல இடத்துல டீசல் ஜெனரேட்டர்ல இருந்து வருது. நாட்டோட சராசரி உயரமே கடல் மட்டத்துல இருந்து ஒன்றரை மீட்டர் அளவுதான், 1998லயும் 2016லயும் கடல் சூடாகி பவளப்பாறை பெருமளவு வெளுத்துப்போச்சு, அதனால அக்கறையோட நடத்துற இடத்துக்கு கொஞ்சம் கூட கொடுக்கலாம்னுதான் நான் சொல்வேன். ஆனா மூங்கில் ஸ்ட்ராவும் ஓலைக்கூரையும் காட்டிட்டு ஈகோன்னு பேர் போட்டா அதுக்கு கொடுக்காதீங்க. பா அட்டோல்லயே 1995ல ஆரம்பிச்ச சொனேவா ஃபுஷி 2008லயே வெளியில இருந்து வர்ற பாட்டில் தண்ணியை நிறுத்திட்டு, தீவுலயே கண்ணாடி பாட்டில்ல நிரப்பி கொடுக்க ஆரம்பிச்சாங்க, பில்லுல 2% சுற்றுச்சூழல் கட்டணம்னு வாங்கி அதை ஃபவுண்டேஷனுக்கு போடுறாங்க, கொடுக்குற காசு எங்க போகுதுன்னு கண்ணுக்கு தெரியுது. அந்த இடம் நம்ம பட்ஜெட்டுக்கு ரொம்ப தூரம், கேக்க வேண்டிய கேள்வி என்னன்னு தெரிஞ்சுக்க அதை சொல்றேன். நீங்க பாக்குற ரிசார்ட்டுக்கு ஒரு மெயில் போடுங்க, குடிதண்ணியை தீவுலயே பாட்டில் பண்றீங்களா, கரண்ட்ல எவ்வளவு சோலார், குப்பையும் கழிவுநீரும் எங்க போகுது, க்ரீன் க்ளோப், எர்த்செக் மாதிரி வெளி ஆள் வந்து செக் பண்ண சர்டிஃபிகேட் இருக்கான்னு. நேர்மையா நடத்துறவங்க நம்பரோட பதில் போடுவாங்க. 'இயற்கையோடு இணைந்து'ன்னு வெறும் வார்த்தையா வந்தா அடுத்த ரிசார்ட்டை பாருங்க. க்ரீன் டாக்ஸை இதோட குழப்பிக்காதீங்க, அது எல்லா ரிசார்ட்டும் அரசாங்கத்துக்கு கட்டுறது, அதைக் காட்டி 'நாங்க ஈகோ'ன்னு யாரும் சொல்ல முடியாது.

புக் பண்ணும்போது சில விஷயம். நம்ம ஊர் ஏஜென்ட் கிட்ட பேக்கேஜா வாங்கினா 5% ஜிஎஸ்டி போடுவாங்க, அது திரும்ப வராது. டிசிஎஸ்னு, அதாவது உங்க வருமான வரிக்கு முன்கூட்டியே ஒரு தொகை, தனியா பிடிப்பாங்க, அதோட விதியை அப்பப்போ மாத்திட்டு வர்றாங்க, அன்னைக்கு என்ன ரேட்டுன்னு கேட்டுக்கோங்க. அது உங்க வரிக்கணக்குல சேர்ந்துடும், ஐடிஆர் போடும்போது கழிச்சுக்கலாம், இல்லன்னா ரீஃபண்ட் வரும். ஆனா யார் பேன் நம்பர் கொடுக்குறீங்களோ அவங்க கணக்குல வரும், அதனால உங்க ரெண்டு பேர்ல யாருக்கு வரி அதிகமோ அவங்க பேர்ல பில் போட சொல்லுங்க. இந்தியருக்கு டூரிஸ்ட் விசா போய் இறங்குற இடத்துலயே இலவசம், அதுக்கு முன்னாடி 96 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல பயண விவரம் நிரப்புற இமூகா ஃபார்மும் இலவசம், விசா ஃபீஸ்னு ஏஜென்ட் எழுதியிருந்தா எடுக்க சொல்லுங்க. ஏர்போர்ட் டாக்ஸும் டிக்கெட்டுக்குள்ளயே வந்துடும்.

கடைசியா கார்டு. சாதாரண க்ரெடிட் கார்டுல வெளிநாட்டு செலவுக்கு 3.5% வரைக்கும் மார்க்கப்னு பேங்க் கூடுதலா எடுக்கும், அது மேல 18% ஜிஎஸ்டி, 2.7 லட்சம் தேய்ச்சா 11,000 ரூபாய் சும்மா போகும். மார்க்கப் இல்லாத கார்டு ஒன்னு இந்த 16 மாசத்துக்குள்ள வாங்கி வச்சுக்கோங்க, இல்லன்னா ஃபாரக்ஸ் கார்டுல டாலரை கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கோங்க. ரிசார்ட்ல மெஷின்ல ரூபாயா டாலரான்னு கேட்டா டாலர்னு அமுக்குங்க. ரூமை அடுத்த ஜனவரியில, ஃப்ரீயா கேன்சல் பண்ற ரேட்ல போடுங்க, அஞ்சு பத்து டாலர் கூட இருந்தாலும் பரவாயில்ல, ஆர்டி ஏதாவது காரணத்தால நடுவுல நின்னுபோச்சுன்னா அட்வான்ஸ் போகாம தேதியை தள்ளி வச்சுக்கலாம்.