நகராட்சி எடுத்த மாதிரியில் நிக்கல் அதிகம், எங்கள் லேப் ரிப்போர்ட்டில் வரம்புக்குள். எது சரி?

நிக்கல், குரோம் பூசும் ப்ளேட்டிங் பட்டறை. கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகே பாதாளச் சாக்கடையில் விடுகிறீர்கள். நகராட்சி மாதிரியில் நிக்கல் தாண்டிவிட்டதாக நோட்டீஸ், அதே வாரம் உங்கள் லேபில் எல்லாம் சரி. "யார் ரிப்போர்ட் பொய்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் யாருடையதும் பொய்யாக இருக்காது. இரண்டு தரப்பும் அளந்தது ஒரே தண்ணீரை அல்ல, அவ்வளவுதான்.

உங்கள் ஆள் பகலில் ஒரு பாட்டிலில் பிடித்தது அந்த நிமிடத்துத் தண்ணீர். நகராட்சி ஆட்டோ சாம்ப்ளர் வைத்து 24 மணி நேரம், ஓட்டத்துக்கு ஏற்ற அளவில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலக்கும். இரவு ஷிப்டில் யாராவது பழைய பாத்தையோ (பூச்சுத் தொட்டிக் கரைசலையோ) தரை கழுவிய தண்ணீரையோ திறந்துவிட்டிருந்தால் அது கலவையில் வந்தே தீரும். உலோகத்துக்குக் கலவை மாதிரிதான் நியாயமானது. பிஎச் (அமில-கார அளவு), சயனைடு, எண்ணெய் ஆகியவற்றுக்கு மட்டும் தனித்தனியாகப் பிடித்த மாதிரி வேண்டும்; அவை பாட்டிலில் மணிக்கணக்கில் நின்றால் மாறிவிடும், எண்ணெய் சாம்ப்ளர் குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது பலர் கவனிக்காத இடம். உங்கள் லேப் மாதிரியை வடிகட்டியதா என்று கேளுங்கள். வடிகட்டினால் கரைந்த நிக்கல் மட்டுமே தெரியும். நகராட்சி வரம்பு பொதுவாக மொத்த நிக்கலுக்கு. அதற்கு வடிகட்டாமல் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவந்து, பிறகு அமிலத்தோடு சூடாக்கிக் கரைத்து அளக்க வேண்டும். காரம் சேர்க்கும்போது நிக்கல் ஹைட்ராக்சைடு என்ற பச்சைத் திரளாக மாறும்; கிளாரிஃபையரில் (திரள் அடியில் படியும் தொட்டியில்) படியாமல் தப்பிய திரள் முழுக்க அப்போது கணக்கில் வரும். நிக்கல் ஹைட்ராக்சைடின் எடையில் 63 சதவீதம் நிக்கல்தான். லிட்டருக்கு 10 மி.கி. திரள் தப்பினாலே 6.3 மி.கி. நிக்கல். கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் லேசான மங்கல் மட்டுமே தெரியும். "தண்ணி தெளிவாத்தானே இருக்கு" என்று சொல்லத் தோன்றும்.

மூன்றாவது, எடுத்த இடம். எல்லா உற்பத்தித் தண்ணீரும் சேர்ந்த பிறகு, கழிப்பறை, கேன்டீன் தண்ணீர் கலப்பதற்கு முன் இருக்க வேண்டும். நகராட்சிப் பக்கமும் தவறு நடக்கலாம். சாம்ப்ளரின் உறிஞ்சு குழாய் மேன்ஹோல் அடியில் படிந்த சேற்றைத் தொட்டால் உலோகம் கூடுதலாகவே காட்டும். அடுத்த முறை அவர்கள் வரும்போது அதே மாதிரியில் பாதியைக் கேட்டு வாங்கி உங்கள் லேபுக்கு அனுப்புங்கள். எடுத்த நேரம், இடம், கையெழுத்து, யாரிடம் ஒப்படைத்தது என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும். வாதாட அதுதான் உதவும்.

இனி ஆலைக்குள். குரோமும் நிக்கலும் ஒரே தொட்டியில் ஒரே பிஎச்சில் ஓடுகிறதா? மூவிணை குரோம் (ஒடுக்கிய பிறகு கிடைக்கும் பச்சை நிறக் குரோம்) 8 முதல் 8.5-ல் நன்றாகப் படியும். நிக்கலுக்கு 10-ஐ ஒட்டிப் போக வேண்டும். ஆனால் அங்கே குரோம் மறுபடி கரையத் தொடங்கும். 9-ல் நிறுத்தினால் நிக்கல் தப்பும். முடிந்தால் இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். முடியாவிட்டால் உங்கள் தண்ணீரையே ஐந்தாறு பீக்கரில் எடுத்து, பிஎச் 8.5 முதல் 10.5 வரை அரை அரையாக ஏற்றி, ஜார் டெஸ்ட் செய்து, மொத்த உலோகம் எங்கே குறைகிறது என்று பாருங்கள். ஆறிணை குரோமை (குரோம் பாத்திலிருந்து வரும் மஞ்சள் நிறக் குரோமை) முதலில் பிஎச் 2 முதல் 3-ல் சோடியம் பைசல்பைட்டால் ஒடுக்கி மூவிணையாக மாற்ற வேண்டும். மஞ்சள் போய்ப் பச்சையாகாத தண்ணீரில் எவ்வளவு காஸ்டிக் சோடா (காரம்) ஊற்றினாலும் குரோம் படியாது. சயனைடு பாத் இருந்தால் அது தனி லைன், தனித் தொட்டி. அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும்.

பிஎச் சரியாக இருந்தும் நிக்கல் படியவில்லை என்றால் கிளீனர் பாத்தைச் சந்தேகப்படுங்கள். ஈடிடிஏ, அம்மோனியா போன்றவை நிக்கலைப் பிடித்துக்கொண்டு விடாது. அந்தப் பாத்தைத் தனியே சேகரித்துக் கையாள வேண்டும். பிஎச் ப்ரோபையும் கழற்றிப் பாருங்கள். ஹைட்ராக்சைடு படிந்த ப்ரோப் மெதுவாகப் பதில் சொல்லும். அதற்குள் டோசிங் பம்ப் காரத்தையோ அமிலத்தையோ அளவுக்கு மீறிக் கொட்டியிருக்கும். நீர்த்த அமிலத்தில் கழுவி பிஎச் 7, 10 பஃபரில் (பிஎச் தெரிந்த கரைசலில்) அளவுதிருத்தம் செய்யுங்கள்.

ரின்ஸ் (அலசும் தண்ணீர்) குழாயைத் திறந்துவிட்டு நிக்கல் அளவைக் குறைத்துக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். நீர்த்தல் விதிமீறல் என்பது ஒருபுறம். ஓட்டம் கூடினால் கிளாரிஃபையரில் தங்கும் நேரம் குறைந்து திரள் இன்னும் அதிகமாக வெளியேறும். வரம்பு கிலோ கணக்கிலும் (வெளியேறும் மொத்த நிக்கல் எடையிலும்) இருந்தால் அங்கேயும் மாட்டுவீர்கள்.

கிலோ கணக்கு என்றால் ஓட்ட அளவீடு சரியாக இருக்க வேண்டும். 90 டிகிரி வி-நாட்ச் தடுப்பில் (ஓட்டத்தின் குறுக்கே வைக்கும், V வடிவ வெட்டுள்ள தகட்டில்) வெட்டின் அடியிலிருந்து நீர் உயரம் 10 செ.மீ. என்றால் நொடிக்குச் சுமார் 4.4 லிட்டர், 11 செ.மீ. என்றால் 5.5. ஒரு சென்டிமீட்டர் பிசகு கால்பங்குக்கு மேல் கணக்கை மாற்றிவிடும். அளவுகோல் தடுப்பின் மீதே இருக்கக்கூடாது. அதிகபட்ச உயரத்தைப் போல நான்கு மடங்காவது தள்ளி, தண்ணீர் வரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நகராட்சிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் எழுதுவார்கள், தெரியும். உங்கள் நிக்கல் சுத்திகரிப்பு நிலையத்து நுண்ணுயிரிகளைப் பாதிக்கும். மிச்சம் அவர்கள் ஸ்லட்ஜில் (சுத்திகரிப்பில் மிஞ்சும் சேற்றில்) சேர்ந்து அதை உரமாகப் பயன்படுத்த முடியாமல் செய்யும். அவர்களின் அக்கறை நியாயமானது. ஆனால் மாதிரி எடுக்க யாரை அனுப்புகிறார்கள் என்பதைப் பார்த்தால் கோபம் வருகிறது, தொழிற்சாலைகள் மீதும் நகராட்சிகள் மீதும். வாயு மீட்டர் இல்லாமல் மேன்ஹோலுக்குள் ஒருவரைக் குனியச் சொல்கிறார்கள். ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம்மை நெருங்கினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் இல்லை, வாயு இல்லை என்று நம்பி இறங்குவார்கள். உள்ளே இறங்காமல் தரைமட்டத்திலிருந்தே எடுக்கும்படி மாதிரிப் பெட்டி கட்டுவது பெரிய வேலையே அல்ல.

நோட்டீஸுக்குக் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள்: காரணம், செய்த திருத்தம், மறு மாதிரி எடுக்கும் தேதி. மறு மாதிரியை உற்பத்தி முழுவீச்சில் நடக்கும் நாளில், அவர்கள் எடுத்த அதே இடத்தில், 24 மணி நேரக் கலவையாக எடுங்கள். வரம்பு எண்கள் நகரத்துக்கு நகரம் மாறும். உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் அனுமதி உத்தரவில் உள்ள எண்தான். அதில் "மொத்த" என்று இருக்கிறதா, "கரைந்த" என்று இருக்கிறதா என்பதை லேபுக்குக் கொடுக்கும் தாளிலும் அப்படியே எழுதுங்கள்.