ஐரோப்பாவின் பாதுகாப்புச் செலவை ஐரோப்பிய நாடாளுமன்றம் உண்மையிலேயே தட்டிக் கேட்க முடியுமா?

கேள்வி இதுதான்: "ஐரோப்பிய ஒன்றியம் இப்போது ஆயுதங்களுக்கு இவ்வளவு பணம் இறைக்கிறதே, அதை ஐரோப்பிய நாடாளுமன்றம் பட்ஜெட் வழியாகக் கட்டுப்படுத்துகிறதா, இல்லை வெறும் ரப்பர் ஸ்டாம்பா?"

பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்த விஷயம் இது. சின்னப் பைகளை நாடாளுமன்றம் நன்றாகவே துழாவிப் பார்க்கிறது. பெரிய பைகளின் பக்கம் அதை அண்டவே விடுவதில்லை. ரப்பர் ஸ்டாம்ப் என்றாலும் முத்திரை குத்தவாவது கூப்பிட்டிருக்க வேண்டுமே, அதுவும் இல்லை.

நான் ஜெர்மனியில் இருக்கிறேன், கணக்குத் தணிக்கை தொழில். பிரஸ்ஸல்ஸ் குழுக் கூட்டங்கள் இணையத்தில் நேரலையாக வருவதால் பட்ஜெட் குழுவும் பாதுகாப்புக் குழுவும் கூடும்போது அவ்வப்போது பார்ப்பேன். (இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா என்று வீட்டில் கேட்கிறார்கள்.) அப்படிப் பார்த்ததில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் வேர் ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 41ஆம் பிரிவு. பொது வெளியுறவுக் கொள்கைக்கான செலவு ஒன்றிய பட்ஜெட்டில் சேரும்; ஆனால் ராணுவம் அல்லது பாதுகாப்பு சார்ந்த நடவடிக்கைகளின் செலவு சேராது, அதை உறுப்பு நாடுகளே தங்கள் பொருளாதார அளவுக்கேற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். விளைவு வேடிக்கையானது. கொசோவோவில் நீதிபதிகளுக்கும் போலீஸாருக்கும் துணை நிற்கும் சிவிலியன் குழு, ஜார்ஜியாவில் எல்லையைக் கண்காணிக்கும் குழு, இவற்றின் செலவெல்லாம் பட்ஜெட்டுக்குள் வருகிறது. நாடாளுமன்றம் அதைத் திருத்தலாம், குறைக்கலாம், ஆண்டு முடிந்ததும் கணக்குக்கு ஒப்புதல் தர மறுக்கலாம். 2008 முதல் சோமாலியக் கடலோரம் சுற்றும் அடலாண்டா கடற்படை நடவடிக்கையின் ராணுவச் செலவோ அந்தப் பக்கமே வராது. ஜீப் வாடகைக்கு ரசீது கேட்கலாம், போர்க்கப்பலுக்குக் கேட்கக் கூடாது.

கேள்வி கேட்கும் உரிமை பெயரளவில் உண்டு. அதே உடன்படிக்கையின் 36ஆம் பிரிவுப்படி ஆண்டுக்கு இரண்டு முறை விவாதம் நடக்கும், வெளியுறவு உயர் பிரதிநிதி வந்து பதில் சொல்வார். ரகசிய ஆவணங்களைப் பார்க்க 2002ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்றும் இருக்கிறது; அதன்படி அவற்றைப் பார்ப்பது மொத்தம் ஐந்தே உறுப்பினர்கள் கொண்ட குழு. பணத்தில் கைவைக்க முடியாதவன் கேட்கும் கேள்விக்கு எந்த அமைச்சரும் இரவெல்லாம் உட்கார்ந்து பதில் தயாரிப்பதில்லை என்பது எந்த நாட்டு நாடாளுமன்றத்தைப் பார்த்தவருக்கும் தெரியும்.

இப்போது பெரிய பைக்கு வருவோம். ராணுவ நடவடிக்கைகளின் பொதுச் செலவுக்கு 2004இல் அதீனா என்றொரு ஏற்பாடு செய்தார்கள். 2021 மார்ச்சில் அதற்குப் பதிலாக வந்தது ஐரோப்பிய அமைதி நிதியம். பெயரில் அமைதி; வேலையிலோ மற்ற நாட்டு ராணுவங்களுக்கு ஆயுதம் உள்ளிட்ட உதவி தருவதும் சேர்த்திதான். ஊர்த் திருவிழாவுக்குப் பெரியவர்கள் கூடித் தலைக்கட்டு வரி போடுகிற மாதிரி நாடுகள் தங்களுக்குள் வசூலித்துக்கொள்ளும் பணம் இது, பஞ்சாயத்துக் கணக்கில் ஏறாது. தொடங்கியபோது ஏழு ஆண்டுக்கு 569 கோடி யூரோ என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. வரம்பை ஏற்றி ஏற்றி 2024 மார்ச்சுக்குள் 1,700 கோடிக்கு மேல் கொண்டுபோய்விட்டார்கள். மும்மடங்கு. இதில் ஒருமுறைகூட ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவைப்படவில்லை.

உக்ரைனுக்கு உதவியதைக் குறை சொல்லவில்லை. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மையினரும் அதை ஆதரித்தவர்கள்தான். ஆனால் அதிகாரம் யார் கையில் இருந்தது என்று பாருங்கள். நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 720 உறுப்பினர்களுக்கு அந்த நிதியத்தில் ஒரு வாக்கும் இல்லை. ஹங்கேரி அரசு ஒன்று மட்டும் தன் வீட்டோவைக் காட்டி 2023 முதல் சுமார் 660 கோடி யூரோவை முடக்கி வைக்க முடிந்தது. கணக்கைத் தணிக்கை செய்வதும் உறுப்பு நாடுகள் நியமிக்கும் குழுதான், லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய தணிக்கை மன்றம் அல்ல.

"தேசிய நாடாளுமன்றங்கள் பார்த்துக்கொள்ளுமே" என்று இதற்குப் பதில் சொல்வார்கள். நான் இருக்கும் நாட்டையே எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மனியில் 2.5 கோடி யூரோவைத் தாண்டும் ராணுவக் கொள்முதல் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் முன் நாடாளுமன்ற பட்ஜெட் குழுவுக்குத் தனித்தனியாக வர வேண்டும். 2022 டிசம்பரில் 35 எஃப்-35 போர்விமானங்கள் அப்படித்தான் அந்த மேசைக்கு வந்து ஒப்புதல் பெற்றன. அமைச்சகம் எரிச்சல்படும் அளவுக்குக் குடைகிற குழு அது. ஆனால் அமைதி நிதியத்துக்குப் போகும் பணம் ஜெர்மன் பட்ஜெட்டில் பங்களிப்பு என்ற ஒற்றை வரியாகத்தான் வந்து நிற்கிறது. அந்தப் பணத்தில் ஆயுதம் அனுப்பிய உறுப்பு நாடுகளில் எதற்கு, எந்த ஆயுதத்துக்கு எவ்வளவு ஈடு கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் பிரஸ்ஸல்ஸில் அரசாங்கங்கள் கூடும் குழுவில் முடிவாகிறது. பெர்லினில் பிடி நழுவுகிறது, பிரஸ்ஸல்ஸில் பிடியே இல்லை. என் தொழிலில் ஒரு நிறுவனம் இப்படி இரண்டு தணிக்கையாளருக்கும் நடுவே ஒரு கணக்கை வைத்திருந்தால் நாங்கள் அங்கேதான் முதலில் தோண்டுவோம்.

பாதுகாப்புச் செலவை ஐரோப்பிய அவை ஒன்றின் பார்வைக்குள் கொண்டுவர இதற்கு முன்பும் முயன்றிருக்கிறார்கள். 1952இல் ஆறு நாடுகள் கையெழுத்திட்ட ஐரோப்பிய பாதுகாப்புச் சமூக உடன்படிக்கையில் பொதுப் படையோடு பொது பட்ஜெட்டும் ஓர் அவையும் இருந்தன. 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றம் 319க்கு 264 என்று அதைக் குழியில் இறக்கியது. பிறகு வந்த, மேற்கு ஐரோப்பிய ஒன்றியம் என்ற தனிப் பாதுகாப்புக் கூட்டணியின் அவை பரிந்துரைகள் எழுதியே காலம் தள்ளி 2011இல் கலைந்தது.

சின்னப் பைகளிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 41ஆம் பிரிவைத் தாண்ட, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் கண்டுபிடித்த வழி, ராணுவம் என்று சொல்லாமல் தொழில்துறை, ஆராய்ச்சி என்று சொல்வது. 9 கோடி யூரோவில் ஒரு முன்னோட்டம், 50 கோடியில் இன்னொன்று, பிறகு 2021இல் ஐரோப்பிய பாதுகாப்பு நிதி. ஆணையம் கேட்டது 1,300 கோடி. அரசுத் தலைவர்கள் 2020 ஜூலையில் பேரம் பேசி வெட்டியதில் மிஞ்சியது சுமார் 795 கோடி. இது பட்ஜெட்டுக்குள் இருக்கும் பணம், ஆகவே ஆண்டு ஒதுக்கீட்டில் நாடாளுமன்றத்துக்கு வாக்கு உண்டு. ஆனால் அந்தப் பணத்தில் எந்த டிரோன், எந்த ரேடார் என்று தீர்மானிக்கும் ஆண்டுத் திட்டத்தை ஆணையமும் உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளும் உட்கார்ந்து முடித்துவிடுவார்கள். தொகைக்கு வாக்களி, பொருளைக் கேட்காதே. அந்தச் சட்டத்துக்குச் சம்மதித்ததும் இதே நாடாளுமன்றம்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தணிக்கை மன்றம் நுழைய முடிந்த இடத்தில் என்ன கிடைக்கிறது என்பதற்கு ராணுவப் போக்குவரத்து நல்ல உதாரணம். டாங்கிகளைக் கிழக்கே கொண்டுபோகப் பாலங்களையும் ரயில் பாதைகளையும் பலப்படுத்தும் திட்டம் அது. 650 கோடி கேட்டு 169 கோடி கிடைத்தது. 2027 வரை வர வேண்டிய அந்தப் பணம் 2023 முடிவதற்குள் தீர்ந்துவிட்டது, உக்ரைனுக்குப் போகும் தெற்குப் பாதைக்கு ஏறக்குறைய எதுவும் செய்யவில்லை என்று 2025இல் மன்றம் எழுதியது. இப்படி ஓர் அறிக்கை அமைதி நிதியத்தைப் பற்றி வர வழியே இல்லை.

கடைசியாக, இப்போதைய சண்டை. 2025 மார்ச் 19 அன்று ஆணையம் சேஃப் என்ற திட்டத்தை முன்வைத்தது: ஒன்றியமே சந்தையில் 15,000 கோடி யூரோ வரை கடன் வாங்கி, ஆயுதம் வாங்க நாடுகளுக்குக் கடனாகத் தரும். ஜாமீன் ஒன்றிய பட்ஜெட். அந்த பட்ஜெட்டின் பாதி அதிகாரம் நாடாளுமன்றத்துடையது. ஆனால் ஒன்றியத்தின் இன்னொரு உடன்படிக்கையில் உள்ள, அவசர காலத்துக்கான 122ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு, உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் மன்றம் மட்டும் கூடி மே 27இல் நிறைவேற்றிவிட்டது. ஏன் என்றால், அவசரமாம்.

இந்தச் சமாதானத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2023இல் பீரங்கிக் குண்டு உற்பத்தியைப் பெருக்க 50 கோடி யூரோவுக்கு ஒரு சட்டம் வந்தது. மே 3இல் முன்மொழிவு, ஜூலை 13இல் நாடாளுமன்றம் 505 வாக்குகளோடு ஏற்றது, ஜூலை 20இல் சட்டம். முழு நடைமுறையும் நடந்து 78 நாள். நாடாளுமன்றத்தை ஒதுக்கிவிட்டு சேஃப் வந்து சேர எடுத்தது 69 நாள். ஒன்பது நாள் மிச்சம் பிடிக்க 15,000 கோடியைக் கண்காணிப்புக்கு வெளியே வைத்தார்கள். எதிர்த்தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு: பாதுகாப்புத் தொழில் திட்டம் என்று 2024 மார்ச்சில் முன்வைத்த 150 கோடி யூரோ சட்டம் 2025 இறுதி வரை இழுத்தது. நடுவே தேர்தல் வந்தது, அரசுகளும் இழுத்தன; ஆனாலும் இழுத்தது இழுத்ததுதான். அதற்காகச் சட்டத்தில் கெடு வைக்கலாம், அவசர நடைமுறை கேட்கலாம். ஒரேயடியாக அறைக்கு வெளியே நிறுத்துவதற்கு அது காரணமாகாது.

இந்த முறை நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. சட்ட விவகாரக் குழு 122ஆம் பிரிவு பொருந்தாது என்றது, தலைவர் ரோபெர்ட்டா மெட்சோலா ஆணையத் தலைவருக்குக் கடிதம் எழுதினார், 2025 ஆகஸ்டில் ஐரோப்பிய நீதிமன்றத்தில் அமைச்சர்கள் மன்றத்துக்கு எதிராக வழக்கும் போட்டாயிற்று. ஆயுதக் கடன் கூடாது என்பதல்ல வழக்கு. எந்தப் பிரிவின் கீழ் நிறைவேற்றினார்கள் என்பதுதான். அதே ஆண்டுத் தொடக்கத்தில் பாதுகாப்பு உபகுழுவை முழுக் குழுவாக உயர்த்தி, ஜெர்மனியின் மரீ-அக்னெஸ் ஸ்ட்ராக்-சிம்மர்மன் தலைமையில் அமைத்ததும் இதே பிடிவாதத்தின் பகுதி என்றே நினைக்கிறேன்.

உங்களுக்கு ஆர்வம் இருந்தால் வழக்கைவிட, 2028–2034 நீண்டகால பட்ஜெட்டைக் கவனியுங்கள். ஆணையத்தின் 2025 ஜூலை முன்மொழிவில் பாதுகாப்புக்கும் விண்வெளிக்கும் சேர்த்து 13,100 கோடி யூரோ, போட்டித்திறன் நிதி என்ற மாபெரும் பைக்குள் இருக்கிறது. அந்த பட்ஜெட் நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் நிறைவேறாது. பணம் கடைசியில் பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது என்று சந்தோஷப்படலாம். ஆனால் வரைவில் ஒதுக்கீடுகளை நடுவில் மாற்றிக்கொள்ள ஆணையத்துக்குத் தாராளமாக இடம் விட்டிருக்கிறார்கள். பாதுகாப்பு நிதியில் நடந்தது போலத் தொகைக்கு மட்டும் தலையாட்டிவிட்டு வருவார்களா, ஆண்டுத் திட்டத்திலும் ஒரு வாக்கு கேட்டு வாங்குவார்களா என்பது அந்தப் பேரத்தில்தான் தெரியும்.