விருந்தளித்தவரின் வருத்தம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1790இல் அமெரிக்காவின் அப்போதைய தலைநகரான நியூயார்க்கில் வெளியுறவு அமைச்சர் ஜெபர்சன் அளித்த விருந்தில், நிதியமைச்சர் ஹாமில்டனும் வர்ஜீனியாவின் பிரதிநிதி மேடிசனும் மாநிலங்களின் விடுதலைப் போர்க்கடனையும் தலைநகரையும் பண்டமாற்றுச் செய்துகொண்டார்கள் என்று படித்ததிலிருந்து மனம் கசந்திருக்கிறது. கொள்கை உள்ளவர்கள் இப்படிப் பேரம் பேசலாமா? பிறகு யாரைத்தான் நம்புவது?

ரா.

அன்புள்ள ரா.,

உங்கள் கசப்பு நல்ல மனத்திலிருந்து வருவது, அதை இழந்துவிடாதீர்கள். ஆனால் பேரம் பேசலாமா என்று கேட்டால், பேசலாம் என்பதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அந்த ஒரு விருந்தே எல்லாவற்றையும் முடித்துவிடவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடுவதையும் இங்கே விட்டுவிடுகிறேன். சில நாட்களாக என்னை உறுத்திக்கொண்டிருப்பது, பேரத்தில் தன் பங்கைப் பெற்றுக்கொண்டு, பிறகு ஏமாற்றப்பட்டேன் என்று சொல்லும் ஜெபர்சனின் மனம்.

மாநிலங்களின் கடனை மைய அரசே ஏற்க வேண்டும் என்பது ஹாமில்டனின் திட்டம். கடனில் பெரும்பகுதியை ஏற்கெனவே அடைத்துவிட்ட வர்ஜீனியா அதை எதிர்த்தது. ஏப்ரலில் பிரதிநிதிகள் சபை அதைத் தோற்கடித்தது. ஜூலையிலோ அதே சபை அதை நிறைவேற்றியது. தலைநகர் பத்தாண்டுகள் பிலடெல்பியாவில் இருந்துவிட்டு, ஜெபர்சனும் மேடிசனும் விரும்பிய பொட்டோமாக் ஆற்றங்கரைக்கு, இன்றைய வாஷிங்டன் நகருக்கு, வரும் என்று சட்டமானது. வர்ஜீனியாவின் கடன் கணக்கும் அதற்குச் சாதகமாகவே முடிந்தது. மேரிலாந்து, வர்ஜீனியா என்ற இரு அடிமை மாநிலங்களுக்கிடையே எழுந்த அந்நகரின் கட்டுமானத்தில் உழைத்த அடிமைகளை எந்த விருந்திலும் எவரும் கேட்கவில்லை. அது தனியாக எழுதப்பட வேண்டியது.

1792 செப்டம்பரில் ஜெபர்சன் குடியரசுத் தலைவர் வாஷிங்டனுக்கு எழுதுகிறார்: ஹாமில்டன் தன்னை ஏமாற்றிக் கருவியாக்கிக்கொண்டார், அத்திட்டம் அப்போது தனக்குச் சரியாகப் புரியவில்லை, தன் அரசியல் வாழ்வின் பிழைகளில் மிக ஆழ்ந்த வருத்தம் தந்தது இதுவே. நீங்கள் இந்தக் குரலைத்தான் அப்படியே நம்பியிருக்கிறீர்கள். விருந்தைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் அவர் எழுதிவைத்ததே என்பதை எண்ணிப் பார்த்தீர்களா? 1790 ஜூன் 20 அன்று அவரே நண்பர் மன்றோவுக்கு எழுதிய கடிதத்தில், சமரசம் ஏற்படாவிட்டால் நாட்டின் கடன் நம்பகம் குலையும், மாநிலங்கள் பிரிந்துபோகும் என்று தெளிவாக விளக்குகிறார். புரியாதவர் எழுதும் கடிதமா அது? பந்தியில் வயிறார உண்டு எழுந்தவர், தெருவில் நின்று சமையற்காரரை ஏசுவது போன்றது இது. அவரது எழுத்தை நேசிப்பவன் என்பதால்தான் எனக்கு இது பொறுக்கவில்லை.

மேடிசன் கடைசிவரை எதிர்த்தே வாக்களித்துத் தன் பெயரைக் காத்துக்கொண்டார். வாக்கை மாற்றும் பொறுப்பு, பொட்டோமாக்கை ஒட்டிய தொகுதிகளின் உறுப்பினர்களான ரிச்சர்ட் பிளாண்ட் லீ, அலெக்சாண்டர் ஒயிட் ஆகியோர் தலையில் விழுந்தது. ஒயிட்டுக்கு வயிற்றைப் புரட்டியது என்று ஜெபர்சனே எழுதுகிறார். யாரை நம்புவது என்று கேட்டீர்கள். நான் வயிறு புரட்டியும் தன் பெயரில் வாக்களித்த அந்த ஒயிட்டைச் சொல்வேன்.